பெல்ஜியத்தில் ஒரு பந்தயப் பருவம்: இளம் சைக்கிள் வீரருக்கான முழுமையான வழிகாட்டி

சைக்கிள் பந்தயத்தில் முன்னேறத் துடிக்கும் இருபது வயதுக்காரர் யாராவது "எந்த நாட்டுக்குப் போகட்டும்?" என்று கேட்டால், என் பதில் பெல்ஜியம். அதிலும் அதன் வடபாதியான ஃபிளாண்டர்ஸ். இத்தாலியில் வெயிலும் மலையும் உண்டு. பிரான்ஸில் அமெச்சூர் கிளப்புகள் வலுவானவை. ஸ்பெயினின் ஜிரோனாவில் பெரிய வீரர்களே வீடெடுத்துத் தங்குகிறார்கள். ஆனால் யாரையும் தெரியாமல், எந்த அணியிலும் சேராமல் வந்திறங்கும் ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று பந்தயம் ஓட முடிகிற இடம் ஃபிளாண்டர்ஸ்தான்.

காரணம் கெர்மெஸ். அங்கே ஊருக்கு ஊர் ஆண்டுத் திருவிழா உண்டு. நம் ஊரில் தேர் ஓடுவதுபோல் அங்கே அன்று சைக்கிள் பந்தயம் ஓடும். தேவாலயத்தைச் சுற்றிய கடைத்தெருவில் தொடங்கி, வயல்வெளிச் சாலைகளுக்குள் புகுந்து திரும்பி வரும் சுற்று, பெரும்பாலும் 5 முதல் 10 கி.மீ. 19 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மொத்தம் 100 முதல் 120 கி.மீ. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அநேகமாகத் தினமும் எங்காவது ஒரு கெர்மெஸ் நடக்கும். பெண்களுக்கும் உண்டு, எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்கள் இன்னும் தூரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வழியில் பலர் போயிருக்கிறார்கள். 1970களில் ஆஸ்திரேலியாவிலிருந்து பதின்ம வயதில் இங்கே வந்த ஆலன் பைப்பர், தொழில்முறை வீரராகி, பிற்பாடு 2020 டூர் டி பிரான்ஸை வென்ற தடேய் பொகாச்சரின் அணிக்கு இயக்குநராக இருந்தவர். அமெரிக்கா தன் 23 வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கென்று இஸேகெம் என்ற சிற்றூரில் பல ஆண்டுகள் வீடே நடத்தியது. இந்தியாவின் தேசிய சாம்பியனாக இருந்த நவீன் ஜானும் இதே கெர்மெஸ்களில் ஓடியவர்தான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கால் பலத்தை வீட்டிலிருந்தே வளர்க்கலாம். நூறு பேர் முட்டிமோதும் கூட்டத்துக்குள் இடம் பிடிப்பதையும், பிடித்த இடத்தை விடாமல் இருப்பதையும் வீட்டில் கற்க முடியாது. அதற்காகத்தான் இந்தப் பயணம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும், நீங்கள் அதிக முறை, நல்ல உடம்போடு, தொடக்கக் கோட்டில் நிற்பதற்கானது.

படி 1: எந்த வயதில், எந்த மாதத்தில்

சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ, வயதைப் பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடுகிறது. அந்த ஆண்டில் 17, 18 ஆகிறவர்கள் ஜூனியர். 19 முதல் 22 வரை அண்டர்-23. அதற்கு மேல் எலைட். கெர்மெஸில் அண்டர்-23 வீரர்களும் தொழில்முறை ஒப்பந்தம் இல்லாத எலைட் வீரர்களும் ஒன்றாகவே ஓடுவார்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பக்கத்தில், அதே தெருக்களில் பதினைந்து வருடமாகப் பந்தயம் ஓடும் முப்பத்தைந்து வயது உள்ளூர்க்காரர் நிற்பார். அவருக்கு எந்த வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்று மனப்பாடம். இந்தக் கலப்புதான் இங்கே கிடைக்கும் பள்ளிக்கூடம்.

பதினெட்டு முடியாதவர் தனியாகப் போக வேண்டாம். பெற்றோரோ தேசிய அணியோ கூட இருந்தால் மட்டும் போகட்டும். பந்தயத்தை விட, நோய், தனிமை, பண விஷயங்களைத் தனியாகச் சமாளிக்கும் வயது அது இல்லை என்பதே என் கவலை.

மாதம் என்றால், முதல் முறை போகிறவர் மே கடைசியில் போய் ஆகஸ்டில் திரும்புவது நல்லது. மார்ச், ஏப்ரலின் பெரும் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அப்போதே போகத் தோன்றும். ஆனால் அந்தக் குளிரும் மழையும் பழகாத உடம்பைக் காய்ச்சலில் தள்ளும். உள்ளூர் வீரர்களும் குளிர்காலம் முழுக்கத் தயாராகி அப்போதுதான் உச்சத்தில் இருப்பார்கள்.

படி 2: காகிதங்கள்

இதை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

உங்கள் நாட்டுச் சம்மேளனம் தரும் யுசிஐ உரிமம் வேண்டும். அதில் 11 இலக்க யுசிஐ எண் இருக்கும். அதோடு, வெளிநாட்டில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பந்தயத்தில் கலந்துகொள்ள அனுமதிக்கிறோம் என்று அதே சம்மேளனம் எழுதித் தரும் கடிதம் வேண்டும். உரிமம் இருந்தும் இந்தக் கடிதம் இல்லாவிட்டால் பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்சிட்ட பிரதிகள் சிலவும் கைபேசியில் ஒன்றும் வைத்திருங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. குறுகிய கால விசாவில் எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பெல்ஜியக் கிளப் ஒன்றின் அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் விண்ணப்பத்துக்கு வலு கூடும். விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீட்டின் விதிகளை வரிக்கு வரி படியுங்கள். பலவற்றில் பந்தய விளையாட்டில் ஏற்படும் காயம் விலக்கப்பட்டிருக்கும். சைக்கிள் பந்தயத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் காப்பீடாகப் பார்த்து வாங்குங்கள். அங்கே மருத்துவரிடம் போனால் முதலில் நீங்கள் பணம் கட்டி, ரசீதை வைத்துத்தான் பிறகு திரும்பப் பெற வேண்டும். அதற்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: மருந்துப் பெட்டியைச் சோதிப்பது

நம்மவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். உரிமம் எடுத்த நாள் முதல் ஊக்கமருந்து விதிகள் உங்களுக்கும் பொருந்தும். சின்ன ஊர்ப் பந்தயத்திலும் சோதனை அதிகாரி வந்து நிற்கலாம்.

நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் இருமல் சிரப் பலவற்றில் டெர்பியூட்டலின் என்ற பொருள் இருக்கிறது. அது எந்த நேரத்திலும் தடை செய்யப்பட்டது. சளி மாத்திரைகளில் வரும் சூடோஎஃபெட்ரின் ஓர் அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் போட்டிக் காலத்தில் குற்றம். வலி மாத்திரை டிரமடோல் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் உலகளவில் தடை. காய்ச்சல் வந்தால் ஓர் ஊசி, சோர்வாக இருந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் என்ற நம் ஊர்ப் பழக்கமும் ஆபத்து. மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியே திரவம் ஏற்றுவது விதிமீறல். உள்ளடக்கம் தெரியாத லேகியமும் புரதப் பொடியும் வேண்டவே வேண்டாம். அம்மா அன்போடு கட்டிக் கொடுத்தாலும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் அளவை எழுதி வாங்கி, விதிவிலக்கு விண்ணப்பம் தேவையா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

படி 4: எங்கே தங்குவது

இரண்டு ஊர்களைச் சொல்வேன். கென்ட் நகரத்திலிருந்து எல்லாத் திசைக்கும் ரயில் உண்டு, பொருள் வாங்குவது எளிது, மழை நாளில் பயிற்சி செய்ய பெல்ஜியத்தின் பழம்பெரும் வீரர் எடி மெர்க்ஸ் பெயரில் உள்ளரங்க சைக்கிள் ஓடுதளம் (வெலட்ரோம்) இருக்கிறது. அங்கிருந்து ஷெல்ட ஆற்றங்கரைப் பாதையில் தெற்கே முப்பது கி.மீ. போனால் ஔடனார்ட. வசந்தகாலப் பெரும் பந்தயமான டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் 2012 முதல் முடிவது இங்கேதான். ஊரைவிட்டு வெளியே வந்தாலே புகழ்பெற்ற கல் பாவிய ஏற்றங்கள் தொடங்கிவிடும். வெளிநாட்டு வீரர்கள் சேர்ந்து தங்கும் வீடுகள் இந்தப் பகுதியில் உண்டு. கொஞ்சம் வாடகை கூடினாலும் முதல் பருவத்தில் அப்படி ஒரு வீட்டைத்தான் தேடுங்கள். எந்தப் பந்தயத்துக்கு யார் கார் போகிறது, எந்தச் சுற்றில் காற்று எப்படி என்ற தகவலெல்லாம் அந்தச் சமையலறையில்தான் கிடைக்கும்.

வந்த முதல் வாரம் பந்தயம் வேண்டாம், சாலையைப் பழகுங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு அங்கே எல்லாம் வலப்பக்கம். அதைவிடச் சிக்கலானது வலப்பக்க முன்னுரிமை. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில், வலப்புறச் சந்திலிருந்து வருகிறவருக்கே வழி. எவ்வளவு சின்னச் சந்தானாலும் அப்படித்தான். அவர் நின்று பார்க்கமாட்டார். சைக்கிள் பாதை இருக்கும் இடத்தில் அதில்தான் ஓட்ட வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ குழுவாகப் போனால் மட்டும் சாலையில் போகலாம். யாருடைய சைக்கிளையாவது இரவல் வாங்கினால் பிரேக்கை முதலில் அழுத்திப் பாருங்கள்: நம் ஊரில் வலக்கையில் இருக்கும் முன் பிரேக் அங்கே இடக்கையில் இருக்கும்.

படி 5: பந்தய நாள்

மூன்று மணிக்குப் பந்தயம் என்றால் ஒரு மணிக்கு அங்கே இருங்கள். பதிவு நடப்பது ஒரு கஃபேயிலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ. பீர் குடிக்கும் பெரியவர்களைத் தாண்டிப் போனால் ஒரு மேசை, இரண்டு அதிகாரிகள். உரிமத்தையும் அனுமதிக் கடிதத்தையும் நீட்டுங்கள். நுழைவுத் தொகையும், எண் துணிக்கு ஒரு முன்பணமும் கட்ட வேண்டும். எண்ணைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பணம் கிடைக்கும். எண்ணை முதுகில் எந்தப் பக்கமாகக் குத்த வேண்டும் என்று அங்கேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். முடிவுக் கோட்டில் நடுவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்தப் பக்கம். முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டிய பந்தயங்களும் உண்டு. முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள்.

பிறகு சுற்றை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது காற்று. கொடி, மரம், மக்காச்சோளத் தோகை எந்தப் பக்கம் சாய்கிறது? எந்த நீட்டத்தில் அது பக்கவாட்டில் அடிக்கிறது? இரண்டாவது சாலை. ஃபிளாண்டர்ஸின் வயல்வெளிச் சாலைகள் பல, கான்கிரீட் பலகைகளை வரிசையாக வைத்துச் செய்தவை. இரண்டு வரிசைக்கும் நடுவே நெடுக ஓடும் பிளவில் டயர் இறங்கினால் விழுவது உறுதி. மூன்றாவது வளைவுகள்.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 8 கி.மீ. சுற்றை 14 முறை ஓட்டினால் 112 கி.மீ. ஒரு சுற்றில் ஒன்பது வளைவு இருந்தால் மொத்தம் 126. முதல் பத்துப் பேர் வளைவை வேகம் குறையாமல் எடுத்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவர் பிரேக் பிடிக்க, கடைசியில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்றுவிடுவார். அவர் வளைந்து வெளியே வரும்போது முன்னால் இருப்பவர்கள் மணிக்கு 50 கி.மீ.யில் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த இடைவெளியை மூட அவர் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். அதையும் 126 முறை. கடைசியில் இருப்பவர் பலவீனத்தால் ட்ராப் ஆவதில்லை, அதாவது கூட்டத்திலிருந்து கழன்று பின்தங்குவதில்லை. கடைசியில் இருப்பதால்தான் பலவீனமாகிறார்.

ஆகவே தொடக்கக் கோட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே போய் முன்வரிசையில் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கும். அப்போது முதல் இருபது பேருக்குள் இருப்பதை மட்டுமே வேலையாக வையுங்கள். முன்னேறுவதற்கு நேரம் உண்டு. கூட்டம் அகலமாகி வேகம் குறையும் கணத்தில், ஓரமாக, காற்றுப்படும் பக்கத்தில் சில நொடி கஷ்டப்பட்டு மேலே போங்கள். எல்லோரும் நீள வரிசையாகிவிட்ட பிறகு முன்னேற நினைப்பது வீண்.

பக்கக் காற்றுப் பகுதியில் கூட்டம் விசிறிபோல் சாய்வரிசையாக விரியும். காற்று இடமிருந்து அடித்தால் முன்னால் இருப்பவர் சாலையின் இட ஓரத்தில் இருப்பார், மற்றவர்கள் அவருக்கு வலப்பக்கம் பின்னே ஒதுங்குவார்கள். சாலையின் அகலம் தீர்ந்ததும் அந்த வரிசையில் இடம் தீர்ந்துவிட்டது. மிச்சப்பேர் வல ஓரத்தில் ஒற்றை வரிசையாகக் காற்றைத் தின்பார்கள். அங்கே மாட்டினால், முன்னவர் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாவதைவிட, பின்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டு இரண்டாவது சாய்வரிசையைத் தொடங்குங்கள். முறை வந்து முன்னால் இழுத்த பின் விலகுவது எப்போதும் காற்று வரும் பக்கமாக. குறுகிய இழுப்பு போதும். வீரம் காட்டி நீட்டினால் திரும்பி வரும்போது கடைசிச் சக்கரத்தைத் தவறவிடுவீர்கள்.

ட்ராப் ஆகிவிட்டால் அதிகாரிகள் பந்தயத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். முதல் மாதம் அது பலமுறை நடக்கும். எத்தனையாவது சுற்றில் நடந்தது, அப்போது எத்தனையாவது இடத்தில் இருந்தீர்கள், எந்த வளைவுக்கு முன்னால் பின்வாங்கினீர்கள் என்று அன்றிரவே எழுதிவையுங்கள். ஐந்தாவது சுற்று எட்டாகி, பிறகு பந்தயத்தை முடிக்கும் நாள் வரும். முதல் இருபது, முப்பது பேர் வரை பரிசு தரும் கெர்மெஸ்கள் உண்டு; அந்தப் பட்டியலில் கடைசிப் பெயராக வருவதைப் பருவத்தின் இலக்காக வைத்தால் அது நியாயமான இலக்கு.

படி 6: கற்களின் மேல் ஓட்டுவது

எல்லாக் கெர்மெஸிலும் கல் பாவிய சாலை இருக்காது. இருந்தாலும் பழகாமல் ஊர் திரும்பக் கூடாது. 28 முதல் 32 மி.மீ. டயர் போடுங்கள், காற்றைத் தார்ச்சாலையில் வைப்பதைவிடக் குறையுங்கள். கற்கள் தொடங்கும் முன் வேகத்தைக் கூட்டுங்கள், ஒரு பல் கனமான கியரில் நுழையுங்கள். கைகளை ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் தளர்வாக வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு முழுக்கத் தோளில் ஏறும். சாலையின் நடுமேடுதான் நல்ல தடம். ஓரத்து மண் தடம் மிருதுவாகத் தெரியும், ஆனால் பஞ்சர் அங்கேதான் காத்திருக்கும்.

ஔடனார்டவைச் சுற்றிய ஏற்றங்களில் ஔட க்வாரெமொன்ட் 2.2 கி.மீ. நீளம், சரிவு மிதம். தாளம் பழக நல்ல இடம். பாட்டர்பெர்க் 400 மீட்டர்கூட இல்லை, ஆனால் 20 சதவீதம் வரை செங்குத்து. கோப்பென்பெர்க் 22 வரை போகும். இவற்றில் இருக்கையை விட்டு எழுந்தால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சுற்றும். உட்கார்ந்தே, உடம்பை முன்னால் தாழ்த்தி ஏறுங்கள். ஈரமான நாளில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

படி 7: நடுவில் வரும் நாட்கள்

புதிதாக வருகிறவர்கள் பந்தயத்துக்கு நடுவிலும் வீட்டில் செய்த கடும் பயிற்சிகளைத் தொடர்கிறார்கள். மூன்றாம் வாரம் கால் செத்துவிடும். வாரம் இரண்டு மூன்று கெர்மெஸ் ஓடினால் அதுவே கடும் பயிற்சி. புதனும் ஞாயிறும் பந்தயம் என்றால், திங்களும் வியாழனும் ஒரு மணி நேரம் மெதுவாக, வெள்ளிக்கிழமை மூன்று நான்கு மணி நேரச் சீரான ஓட்டம், செவ்வாயும் சனியும் சில குறுகிய வேக ஓட்டங்களோடு ஒரு மணி நேரம். அவ்வளவு போதும். மிச்ச நேரம் தூக்கத்துக்கு.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி: சோறு. சின்ன ரைஸ் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள். பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன் சோறும் முட்டையும், பருப்பும் காரமும் குறைவாக. ஓட்டத்தின்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கெர்மெஸ் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், ஆக ஏறத்தாழ 150 முதல் 230 கிராம். இதை வயிறு ஏற்க வீட்டிலேயே பயிற்சியில் பழக்கியிருக்க வேண்டும். குட்டை அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் துளி உப்பும் சேர்த்து, தட்டில் அழுத்தி ஆறவைத்துத் துண்டு போட்டு அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டால் ஜெல் வாங்கும் செலவு பாதியாகும். பெரிய அணிகளின் உதவியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பல சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவையுங்கள்.

தனிமை வரும். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்து, இரண்டு பந்தயத்தில் வெளியேறி, கை சிராய்த்துக்கொண்டு அறையில் கிடக்கும்போது வரும். அன்று தனியாகச் சாப்பிடாதீர்கள். வீட்டில் இருக்கும் மற்ற வீரர்களுக்கும் சேர்த்துச் சமையுங்கள். அவர்களும் அதே நிலையில்தான் இருப்பார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் எண்ணம் இந்த நேரத்தில்தான் தலைதூக்கும். ஃபிளாண்டர்ஸ் தட்டையான நிலம், காற்று நிறைந்த நிலம். அங்கே சதையும் பலமும்தான் உதவும். பசியோடு படுக்கைக்குப் போகாதீர்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் அடையாளமென்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 8: அடுத்த கதவு

கெர்மெஸில் ஓடி நேராகப் பெரிய அணிக்குப் போகிறவர்கள் அரிது. நடுவில் இருப்பது உள்ளூர்க் கிளப். கிளப்பில் சேர்ந்தால் அணியாக மட்டுமே அனுமதிக்கும் பந்தயங்கள் திறக்கும், அங்கிருந்து யுசிஐயில் பதிவான மூன்றாம் நிலை அணியான கான்டினென்டல் அணி. இன்னொரு வழி, சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் 2002 முதல் இயங்கும் யுசிஐயின் உலக சைக்கிள் மையம். எரித்திரியாவின் பினியம் கிர்மாய் 2018இல் அங்கே பயிற்சிக்கு வந்தார். 2021இல் பெல்ஜியத்தின் லூவனில் நடந்த அண்டர்-23 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, 2022இல் கென்ட்-வெவெல்கெம் பந்தயத்தில் வெற்றி, 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று நாள் ஓட்டங்களில் வெற்றியும், புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்ஸியும். அந்த மையத்துக்கு வழி உங்கள் தேசியச் சம்மேளனம்தான். அவர்களுக்கு உங்கள் முடிவுகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருங்கள்.

அணிகள் அடுத்த ஆண்டுக்கான வீரர்களை ஆகஸ்ட் முதலே எடுக்கத் தொடங்கும். ஜூலை கடைசியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறந்த ஆண்டு, எடை, ஓடிய பந்தயங்களின் தேதி, ஊர், ஓடியவர் எண்ணிக்கை, நீங்கள் முடித்த இடம், மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் 5 நிமிட, 20 நிமிட எண்கள். ஒரு பக்கம் போதும். முடிக்காத பந்தயங்களையும் சேர்த்து எழுதுங்கள். முடிவுப் பட்டியல்கள் பொதுவில் கிடைப்பவை, அணி மேலாளர் எப்படியும் பார்ப்பார். எந்த அணி எழுதினாலும் பணம் கட்டச் சொன்னால், எதற்கு, என்ன திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள்.

கடைசியாகத் தேதிக் கணக்கு. மே 20 அன்று நுழைந்தால் 90ஆம் நாள் ஆகஸ்ட் 17. அதற்குள் வெளியேறிவிட வேண்டும். அதன் பிறகு ஷெங்கன் நாடுகளுக்குப் போகாமல் இருந்தால், அடுத்த மார்ச்சில் புதிய விசாவுக்கு 90 நாளும் முழுதாகக் கிடைக்கும். இந்த முறை சாலையும் கூட்டமும் பழகிவிட்டதால் வசந்தகாலப் பந்தயங்களுக்கே போகலாம். குளிருக்கான முழங்கால் உறைகளையும் நல்ல மழைச் சட்டையையும் இப்போதே ஔடனார்டவில் வாங்கி வந்துவிடுங்கள். கோடையின் கழிவு விற்பனையில் விலை குறைவாகக் கிடைக்கும்.